சமய பாட மணி அடித்தால் எங்கே போவது?

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ-26 வீதி திகன, தெல்தெனிய தாண்டி மலையேறி ஹுன்னஸ்கிரியவை அடைகிறது. அங்கிருந்துதான் லூல்வத்தை வழியாக மீமுரேக்குப் பாதை பிரிகிறது. வார இறுதியில் நக்கிள்ஸ் மலைகளைப் பார்க்க வருகிறவர்களின் வான்கள் சந்தியோரம் நிற்கும். அவற்றுக்கு நடுவே, தலை சீவிப் பவுடர் போட்டு, கையில் கொப்பியோடு பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளைகளையும் காணலாம். பெரும்பாலானோர் புலமைப்பரிசில் டியூசனுக்குப் போகிறவர்கள். மிகச் சிலர் மறைக்கல்வி வகுப்புக்குப் போகிறவர்கள். இந்த வாரக் கட்டுரை அந்த மிகச் சிலரைப் பற்றியது.

கண்டியின் கிழக்கு மலைகளில் கத்தோலிக்கத் தமிழ்ப் பிள்ளை என்றால் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் ஏறத்தாழ 6 வீதத்தினர் கத்தோலிக்கர். கண்டி மாவட்டத்தில் அந்த விகிதம் இன்னும் மிகக் குறைவு. நீர்கொழும்பிலோ மன்னாரிலோ ஒரு வகுப்பே கத்தோலிக்க வகுப்பாக இருக்கலாம். இங்கே ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை, அதிகம் போனால் இரண்டு.

இலங்கையில் தரம் 1 முதல் 11 வரை சமயம் கட்டாய பாடம். பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடத்திட்டம், தனிப் பாடநூல். நூலை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலும் சமயத்தை விட முடியாது. தமிழகத்தில் ஏற்பாடு வேறு. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. திருச்சபை நடத்தும் பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பும் ஒரே வேளையில் நடப்பது அங்கே வழக்கம். அதோடு ஒப்பிட்டால் இலங்கை அரசு தாராளமாகவே வாக்குக் கொடுத்திருக்கிறது. எந்தப் பிள்ளைக்கும் அவரவர் சமயத்தைப் பாடசாலையிலேயே கற்பிப்போம் என்பதுதான் அந்த வாக்கு. அதை நிறைவேற்ற ஆசிரியர் வேண்டுமே!

தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 3 வகுப்பில் சமய பாட வேளையை உட்கார்ந்து பார்த்தேன். ஆசிரியை சைவநெறி எடுத்துக்கொண்டிருந்தார். கடைசி வாங்கில் ஒரு சிறுமி கத்தோலிக்கப் பாடநூலை விரித்து வைத்திருந்தாள். முதல் சில பக்கங்கள் ஓரம் மடங்கி, விரல் பட்டுக் கறுத்திருந்தன. அதற்கப்பால் இருந்த தாள்கள் அச்சகத்திலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. இயேசு சிறுபிள்ளைகளை அருகே அழைக்கும் படத்துக்கு அவள் வர்ணம் தீட்டினாள். நடுவில் ஆசிரியை பிள்ளையாரின் வாகனம் எது என்று கேட்டபோது முதலில் கை தூக்கியதும் அவள்தான். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். அந்த ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வகுப்பின் எல்லாப் பாடங்களையும் ஒருவராகத் தூக்கிச் சுமக்கிறவர் அவர். மணி அடித்ததும் அந்தச் சிறுமியின் அருகே போய், படம் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி ஒப்பமும் இட்டார். ஆனால் அந்த வேளையில் அவளுடைய சமயத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுக்க அந்தப் பாடசாலையில் ஒருவரும் இல்லை.

இந்த வெற்றிடம் எப்படி வந்தது என்று கேட்டால் இரண்டு கதைகளைச் சொல்ல வேண்டும். ஒன்று தோட்டத்தின் கதை. கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொன்னது. சொன்னதே தவிர, பெரும்பாலான தோட்டங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், அதற்குமேல் ஒன்றுமில்லை. காலையில் பிள்ளைக்காம்பராவில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, நேரம் கிடைத்தால் பள்ளிக்கூடம் போன தலைமுறைகள் உண்டு. தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1977 முதல்தான் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இலேயே வந்துவிட்டது. மலையகப் பிள்ளை அதற்கு மூன்று தசாப்தங்களுக்கு மேல் காத்திருந்தது.

மற்றது திருச்சபையின் கதை. கண்டியில் கத்தோலிக்கக் கல்விக்கு நீண்ட வேர் உண்டு. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி 1854இல் தொடங்கியது. கண்டி மறைமாவட்டம் 1886இல் அமைந்தது. 1893 முதல் 1955இல் பூனாவுக்கு மாற்றப்படும் வரை, இந்தியா முழுமைக்கும் குருக்களைப் பயிற்றுவித்த பாப்பரசர் குருமடமும் கண்டியில்தான் இருந்தது. இவற்றோடு மலைகளில் சிறிய பங்குப் பாடசாலைகள் நடந்தன. 1960 டிசம்பரில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு சட்டம் கட்டடங்களையும் காணிகளையும் அரசுக்கு ஆக்கியது. பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசினார். பெரிய பாடசாலைகள் சில அரசு உதவியைக் கைவிட்டுத் தனித்து நின்றன. சிறியவற்றுக்கு அந்த வசதி ஏது? அவை அரசிடம் போயின. இன்றும் சில பெயர்ப் பலகைகளில் ‘றோ.க.த.க. பாடசாலை’ (றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன்) என்ற பழைய சுருக்கெழுத்து மட்டும் நிற்கிறது.

பாடசாலைகளைப் பொறுப்பேற்றது பிழை என்று ஒரேயடியாக நான் எழுதமாட்டேன். ஏழைப் பிள்ளைக்கு வாசல் திறக்க வேண்டும் என்ற நியாயம் அதற்குள் இருந்தது. ஆனால் அதன்பின் நகரத்துக் கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கன்னியர் மடப் பாடசாலை மிஞ்சியது, மலைப் பிள்ளைக்கு ஞாயிறு வகுப்பு மட்டும் மிஞ்சியது. கண்டி நகரிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறுகிற தூரம் அந்த வேறுபாட்டையும் காட்டுகிறது.

ஆகவே ‘கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலை’ என்பது இந்த மலைகளில் இன்று ஒரு கட்டடத்தில் அடங்குவதில்லை. வார நாளில் அரசுப் பாடசாலை, ஞாயிறன்று சிற்றாலயம், மாலையில் வீட்டுச் செபம் என மூன்றிடத்தில் சிதறி நடக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்தித் திட்டமிட்டால் பிள்ளை பிழைக்கும். வரும் 2027ஆம் ஆண்டின் நாட்காட்டியை அந்தக் கண்ணோடு புரட்டிப் பார்த்தேன்.

முதலில் ஜனவரி. தைப்பொங்கலையொட்டி, 16ஆம் திகதி புனித ஜோசப் வாஸ் அடிகளாரின் திருநாள் வருகிறது. லயத்து வாசலில் கோலம் போட்டுப் பொங்கல் வைக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இரண்டும் சேர்ந்தே வருவது வசதிதான். கண்டிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வாஸ் அடிகளாரின் வரலாற்றைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. கோவாவில் 1651இல் பிறந்தவர். கடலோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். தமிழ் கற்றார், சிங்களமும் கற்றார். 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தபோது போர்த்துக்கேய உளவாளி என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். அதே கண்டியில் 1697இல் வைசூரி பரவியது. வீட்டார் நோயாளிகளைக் காட்டில் விட்டுப் போனபோது, அடிகளாரும் அவருடைய மருமகனான இன்னொரு குருவும் அவர்களைக் கழுவித் துடைத்து உணவூட்டினார்கள். பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குப் பாதுகாப்பளித்தான். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இதை வெறும் சமய பாடமாக ஒதுக்க வேண்டுமா என்ன? யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு அவர் நடந்த பாதையை வரைபடத்தில் போட்டால் அது சூழல்சார் செயற்பாடு. அவர் கற்ற இரு மொழிகளிலும் பத்துப் பத்துச் சொற்களைச் சேர்த்தால் அது மொழிப் பாடம். வைசூரி எப்படிப் பரவியது என்று கேட்டால் சுகாதாரம். வகுப்பிலுள்ள சைவப் பிள்ளையும் பௌத்தப் பிள்ளையும் சேர்ந்தே செய்யலாம். 2026இல் தரம் 1இலிருந்து கல்விச் சீர்திருத்தம் தொடங்கியிருக்கிறது. செயல் வழியாகக் கற்கட்டும் என்கிறார்கள். செயலுக்கு இதைவிட அருகில் கதை வேண்டுமா?

பெப்ரவரி 10 சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் இட்டுக்கொண்டு வகுப்புக்கு வருகிற பிள்ளையைப் பார்த்து, திருநீறா என்று மற்றப் பிள்ளைகள் கேட்பார்கள். பதில் தெரிந்த பிள்ளை தலை நிமிர்ந்து சொல்லும், தெரியாத பிள்ளை துடைத்துவிடும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில், கொழுந்து நிறுத்துவிட்டுத் தாய்மார் வந்த பிறகு, தோட்டத்துச் சிற்றாலயங்களில் சிலுவைப் பாதை நடக்கும். ஒரு தோட்டத்தில் 14 நிலைகளையும் பிள்ளைகளே வரைந்திருந்தார்கள். பழைய கொப்பி மட்டைகளின் பின்புறத்தில், வர்ணப் பென்சிலில். அந்த ஓவியங்களில் சிமோன் சிலுவையைத் தூக்கும் காட்சியில் அவர் தோளில் கொங்காணி போர்த்தியிருந்தார், மழைநாளில் மலைக்குப் போகும் ஆளைப் போல. வெரோணிக்காவின் முதுகில் கொழுந்துக் கூடை. யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல அது. இத்தனை ஆண்டுகளில் நான் கண்ட மறைக்கல்வியில் மிகச் சிறந்தது அந்த மட்டைகள்தான் என்று தயங்காமல் சொல்வேன். 2027இல் பெரிய வெள்ளி மார்ச் 26, உயிர்ப்பு ஞாயிறு 28.

அடுத்தது முதல் நன்மை, அதாவது முதன்முறை நற்கருணை பெறுவது. 1910 ஓகஸ்ட் 8இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணைக்கு முன்பு, பத்து பன்னிரண்டு வயது கடந்த பிறகே பெரும்பாலான நாடுகளில் பிள்ளைகளுக்கு நற்கருணை கொடுத்தார்கள். ஏழு வயதளவில் புத்தி தெளிந்தாலே போதும் என்று அவர் மாற்றினார். அன்றிலிருந்து ஆரம்பப் பாடசாலைப் பருவமே கத்தோலிக்கப் பிள்ளையின் ஞான வாழ்வுக்கு அடித்தளமாயிற்று. தரம் 3, 4 பிள்ளைகள் மாதக்கணக்கில் ஆயத்தமாகிறார்கள். செபங்களை மனனம் செய்வது, பாவசங்கீர்த்தனத்துக்குப் பழகுவது, பாட்டுப் பழகுவது எல்லாம் உண்டு. தோட்டங்களில் இன்னொரு கவலையும் உண்டு. வெள்ளை உடுப்பு. ஒரு நாள் உடுப்புக்காகக் கடன்படுகிற தாயைக் கண்டவர்களுக்கு இது தெரியும். எல்லாப் பிள்ளைக்கும் பாடசாலைச் சீருடையே போதும் என்று சில பங்குகளில் முடிவெடுத்தார்கள். பெண் பிள்ளைகளின் சீருடையும் ஆண் பிள்ளைகளின் சட்டையும் வெள்ளைதானே! எல்லாப் பங்குகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மே மாதம் மாதா வணக்கம். ஜூன் 13 அந்தோனியார் திருநாள், 2027இல் அது ஞாயிற்றுக்கிழமையே வருகிறது. கண்டிப் பேராலயமே அவர் பெயரில்தான். தோட்டத்து அந்தோனியார் கோவில்களில் சுரூப பவனிக்குத் தோள் கொடுப்பவர்களில் சைவக் குடும்பத்தாரும் இருப்பார்கள், நேர்த்தி வைத்து மெழுகுதிரி ஏற்றுபவர்களிலும் இருப்பார்கள். பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

புதிதல்லாததை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஏ-26 வீதியோரம் அந்த நெருக்கத்தை மறந்த நாட்களும் உண்டு. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அதற்கு அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களில் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகள் பலியானார்கள். அதன்பின் சில வாரங்கள் ஞாயிறு திருப்பலி பகிரங்கமாக நடக்கவில்லை. பாடசாலை வாசலில் பிள்ளைகளின் பைகளைத் திறந்து சோதித்தார்கள். அன்று தரம் 1இல் இருந்த பிள்ளைகள் இன்று பதின்ம வயதினர். அந்தத் தலைமுறைக்குச் சமயம் கற்பிக்கிறவர் அண்டை வீட்டாரின் சமயத்தையும் மரியாதையாகச் சொல்லிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். வெசாக் கூடு கட்டும் வகுப்புத் தோழனுக்குக் கத்தோலிக்கப் பிள்ளை ஈர்க்கு வெட்டிக் கொடுக்கட்டும். டிசம்பரில் பாலன் குடில் கட்டும்போது அவனும் வைக்கோல் கொண்டு வருவான்.

இனி டியூசன் விவகாரம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை 2023இல் ஒக்டோபர் 15, 2024இல் செப்டெம்பர் 15, 2025இல் ஓகஸ்ட் 10 ஆகிய நாட்களில் நடந்தது. மூன்றும் ஞாயிற்றுக்கிழமைகள். பரீட்சையே ஞாயிறு என்றால் ஆயத்த வகுப்புகளும் ஞாயிற்றைத்தான் பிடிக்கும். ஞாயிறு காலையில் தனியார் வகுப்பு வேண்டாம் என்று கத்தோலிக்க ஆயர்களும் பௌத்த மகாநாயக்கர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். பௌத்தப் பிள்ளைகளின் ஞாயிறு அறநெறிப் பாடசாலையான தஹம் பாசலுக்கும் அதே பாதிப்புத்தான். தோட்டத்துப் பெற்றோரின் நிலையை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒரு பரீட்சைதான் பிள்ளையை லயத்திலிருந்து கண்டி நகரப் பாடசாலைக்குக் கொண்டு போகும் ஏணி என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பிரசங்கத்தால் அசைக்க முடியாது, அசைக்கவும் கூடாது. பிரசங்கத்துக்குப் பதிலாகப் பங்கு தன் மண்டபத்தைத் திறந்து விடலாம். காலையில் திருப்பலி, அடுத்து மறைக்கல்வி, அதே இடத்தில் தமிழும் கணிதமும் சொல்லித் தரும் இலவச வகுப்பு, எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும். பல்கலைக்கழகம் போயிருக்கும் அதே தோட்டத்து இளைஞர்கள் விடுமுறையில் வந்து கற்பிப்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

மலையகக் கத்தோலிக்கத்தில் இதற்கு முன்னோடிகள் உண்டு. இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கித் தோட்டத் தமிழருக்காகவும் சிங்கள கிராமத்தவருக்காகவும் ஒருசேர உழைத்தார். ஆயர் லியோ நாணாயக்கார அதே ஆண்டு கண்டியை விட்டு, புதிதாக அமைந்த வறிய பதுளை மறைமாவட்டத்துக்கு விரும்பிப் போனார். விசுவாசத்தையும் அன்றாடப் பாட்டையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

நாட்காட்டிக்குத் திரும்பினால், செப்டெம்பர் 1 முதல் ஒக்டோபர் 4 வரை ‘படைப்பின் காலம்’. அசிசி புனித பிரான்சிஸ் திருநாளோடு முடியும் இந்த வாரங்களை நகரத்துப் பங்குகள் மரம் நட்டுப் படம் எடுத்து முடித்துவிடுவது உண்டு. ஹுன்னஸ்கிரியவுக்கு அது போதாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தது. கண்டி மாவட்டத்தில்தான் உயிரிழப்பு மிக அதிகம். பாடசாலைகளும் வழிபாட்டிடங்களும் இடைத்தங்கல் முகாம்களாயின. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த நக்கிள்ஸ் காட்டின் அடிவாரத்தில் வாழும் பிள்ளைக்குப் படைப்பைப் பற்றிப் பாடம் எடுத்தால், அதில் மண்சரிவும் வரவேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சுவரில் விரிசல், திடீரென்று கலங்கி ஊறும் ஊற்று, சாய்ந்து நிற்கும் மரம், திறக்க மறுக்கும் கதவு ஆகியவற்றைக் கண்டால் உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். கானைத் துப்புரவாக்குவதும் செபமாலை சொல்வதும் ஒரே பிற்பகலில் நடக்கலாம். நோவாவின் பேழையைச் சொல்லிவிட்டு, நம் லயத்திலிருந்து எந்த வழியாக எங்கே ஓட வேண்டும் என்று சொல்லாமல் விடுவது எப்படிச் சரியாகும்?

ஒக்டோபர் செபமாலை மாதம், நவம்பர் மரித்தோர் மாதம், 28ஆம் திகதி திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அத்தோடு திருச்சபையின் ஆண்டு மறுபடி தொடங்குகிறது.

இத்தனையையும் நடத்துகிறவர்கள் யார்? பெரும்பாலும் உயர்தரம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளம் பெண்கள். பல தோட்டங்களில் குருவானவர் மாதம் ஒருமுறைதான் வர முடியும். மற்ற ஞாயிறுகளில் இந்தத் தங்கைமாரே வாசகம் வாசித்து, பாட்டுத் தொடங்கி, வகுப்பெடுத்து, சிறுவர்களை வீதி கடத்தி பஸ் ஏற்றிவிடுகிறார்கள். சம்பளம் கிடையாது, பஸ் காசும் கைக்காசு. திருமணமாகியோ கொழும்பில் வேலை கிடைத்தோ ஒருவர் போய்விட்டால் வகுப்பும் நின்றுபோகிறது. அரசின் சமய பாடத்தைச் சில இடங்களில் இவர்களே தாங்குகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. தவணைப் பரீட்சைக்குக் கத்தோலிக்க வினாத்தாளை எழுதி, திருத்தி, புள்ளியை அதிபருக்கு அனுப்புகிறவர்கள் இவர்கள்தான்.

தெல்தெனிய கல்வி வலயத்திடம் கேட்க வேண்டியது பெரிய காரியமல்ல. எந்தெந்த ஆரம்பப் பாடசாலையில் எத்தனை கத்தோலிக்கப் பிள்ளைகள், எந்த மொழி மூலம், எந்தத் தரத்தில் என்று ஒரு பட்டியல். அதைத் தயாரித்தால், நாலைந்து பாடசாலைகளுக்குப் பொதுவாக ஓர் ஆசிரியரை, வாரத்தில் ஒரு நாள் ஒரு பாடசாலை என்று சுழற்சியில் அனுப்ப முடியும். பயிற்சி பெற்ற ஞாயிறு ஆசிரியை ஒருவரைக் குறைந்த கொடுப்பனவோடு தொண்டர் ஆசிரியராக ஏற்பதும் முடியும். இதே முறையில் சிங்களப் பாடசாலையிலுள்ள சைவப் பிள்ளைக்கும், தமிழ்ப் பாடசாலையிலுள்ள பௌத்தப் பிள்ளைக்கும், முஸ்லிம் பிள்ளைக்கும் ஆசிரியர் கிடைப்பார். மறைமாவட்டம் செய்ய வேண்டியதும் உண்டு. ஞாயிறு ஆசிரியைகளின் பஸ் கட்டணத்தை வரவு செலவில் சேர்ப்பது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர்களைக் கண்டிக்கு அழைத்துப் பயிற்றுவிப்பது, பங்குத் திட்டத்தை எழுதும் மேசையில் தோட்டப் பாடசாலை அதிபரையும் உட்கார வைப்பது. அந்த அதிபர் சைவராக இருந்தால் என்ன, பௌத்தராக இருந்தால் என்ன?

2027 தரம் 1 அனுமதிக்கான படிவங்களில் சமயம் என்ற கட்டம் இருக்கிறது. பெற்றோர் அதில் ‘கத்தோலிக்கம்’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். முதலாம் தவணை தொடங்கும் முன் அந்தக் கட்டத்தை வலயப் பணிமனையில் யாராவது எண்ணிப் பார்க்கட்டும்.